1972 செரோக்கியின் ஹோஸ்கள்: மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் டெக்சஸில் வேலை பார்க்கும் தமிழர். பிரைவேட் பைலட் சான்றிதழ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 1972-இல் தயாரான பைப்பர் செரோக்கி 140 ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து வாங்கியிருக்கிறார். முதல் வருடாந்தர சோதனைக்கு விமானத்தை விட்டபோது மெக்கானிக் எஞ்சின் மூடியான கவுலிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சின் பக்கத்து ஹோஸ் (எரிபொருளும் ஆயிலும் போகும் வளையக்கூடிய குழாய்) ஆறையும் மாற்ற வேண்டும் என்று ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கணக்கு நீட்டியிருக்கிறார். ஹாங்கரில் பக்கத்து விமானக்காரரோ, "சொந்த உபயோகத்துக்குப் பறக்கிற விமானத்தில் ஹோஸுக்கு வயது வரம்பே கிடையாது, ஒழுகாத வரைக்கும் கை வைக்காதீர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி, சட்டம் என்ன கேட்கிறது, நானே மாற்றலாமா என்பது கேள்வி.

இருவரும் பாதி சரி. பக்கத்து விமானக்காரர் சொல்வது பொதுவான விதி, ஆனால் உங்கள் கையில் இருப்பது செரோக்கி. அந்த மாடலுக்கென்றே ஒரு உத்தரவு இருக்கிறது. அதை அவர் மறந்துவிட்டார். மெக்கானிக் ஆறையும் மாற்றச் சொல்வதில் சட்டப்படி கட்டாயம் இரண்டுக்கு மட்டும்தான் இருக்கக்கூடும். மீதி நாலும் அவருடைய அனுபவம் பேசுவது. அந்த அனுபவத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன், கணக்கு நீட்டுகிற பக்கத்தில்.

சட்டத்தில் ஆரம்பிப்போம். அமெரிக்காவில் வாடகைக்கோ கட்டணத்துக்கோ பறக்காத சொந்த விமானம் கூட்டாட்சி விமான விதிகளில் பகுதி 91-க்குள் வரும். அதில் 91.403 சொல்வது: விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளர் அல்லது இயக்குபவர். மெக்கானிக் இல்லை, நீங்கள். தயாரிப்பாளர் வெளியிடும் சர்வீஸ் புல்லட்டின்களை, எவ்வளவு கொட்டை எழுத்தில் 'கட்டாயம்' என்று போட்டிருந்தாலும், பகுதி 91-இல் பறப்பவர் பின்பற்றியே தீர வேண்டும் என்று பொதுவாகக் கிடையாது. இன்னொரு விமானத் தயாரிப்பாளரான செஸ்னாவின் பராமரிப்புக் கையேடுகளில், எஞ்சின் அறையில் உள்ள ரப்பர் ஹோஸை 5 வருடத்துக்கு ஒருமுறை அல்லது எஞ்சின் ஓவர்ஹாலில், டெஃப்லான் ஹோஸை 10 வருடத்துக்கு ஒருமுறை அல்லது ஓவர்ஹாலில், எது முந்தியோ அப்போது மாற்று என்று இருக்கும். நல்ல அறிவுரை. ஆனாலும் தனியார் விமானத்துக்கு அது அறிவுரைதான். பக்கத்து விமானக்காரர் மனதில் வைத்திருப்பது இதை. அவர் ஓட்டுவது செஸ்னாவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அறிவுரை சட்டமாக மாறுவது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ ஓர் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் (பறக்கும் தகுதிக்கான கட்டாய உத்தரவு) போடும்போது. நாங்கள் 'ஏடி' என்போம். ஏடி வந்துவிட்டால் பகுதி 39-இன்படி அது சட்டம். அதை நிறைவேற்றாமல் பறந்தால் விதிமீறல், சொந்த விமானமா வாடகை விமானமா என்ற பேச்சே இல்லை. பைப்பரின் பழைய பிஏ-28 (உங்கள் செரோக்கி இதில் அடக்கம்), பிஏ-32 வரிசைகளில், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் ஹோஸுக்கு இருக்கும் ஏடியின் எண் 95-26-13. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது இருவார வெளியீடு என்பது, கடைசி இரண்டு அதற்குள் வரிசை எண். அதற்கு முன்னோடி 1976-லேயே வந்த 76-25-06. அதாவது இந்த ஹோஸ் பிரச்சினை உங்கள் விமானத்துக்கு நாலு வயது ஆனபோதே தெரிந்திருக்கிறது.

அந்த ஏடியின் சாரம் இதுதான். ஆயில் கூலருக்குப் போய் வரும் ஹோஸ்களை 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 8 வருடம் அல்லது 1,000 மணி நேரம், எது முந்தியோ, அப்போது மாற்றிவிட வேண்டும். டிஎஸ்ஓ-சி53ஏ என்ற எஃப்ஏஏ தரத்தில் 'டி' வகை ஹோஸைப் போட்டுவிட்டால் இந்தச் சுழற்சி முடிந்துவிடும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. எல்லா செரோக்கிக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. மாடலையும் சீரியல் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். எஃப்ஏஏ-யின் விதிகள் இருக்கும் டிஆர்எஸ் இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் முழு உத்தரவும் இலவசமாகக் கிடைக்கும். சில பக்கம்தான். உங்கள் மெக்கானிக் படித்திருப்பார், நீங்களும் படியுங்கள். பொறுப்பு உங்களுடையது என்று சொன்னேன் அல்லவா.

அடுத்த வேலை லாக்புக், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு. எஞ்சின் லாக், விமான உடலுக்கான ஏர்ஃப்ரேம் லாக் இரண்டிலும் இந்த எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் முந்தைய உரிமையாளர் யாராவது ஒரு ஏடி பட்டியல் அடித்து வைத்திருப்பார். அதில் இந்த வரிக்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'டி வகை ஹோஸ் போடப்பட்டது, தொடர் சோதனை முடிந்தது' என்று தேதியும் பறந்த மணிக் கணக்கும் கையெழுத்தும் இருந்தால் சட்டத்தின் பக்கம் ஆயில் கூலர் ஹோஸ் கதை முடிந்தது. 'ஹோஸ் மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்து எந்த வகை என்று இல்லாவிட்டால், டி வகை இல்லை என்றே எடுத்துக்கொண்டு 8 வருடம், 1,000 மணி நேரக் கணக்கைப் பாருங்கள். அது தாண்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அந்த நிலையில் விமானம் பறக்கக் கூடாது. வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தால் எஃப்ஏஏ-யின் வட்டார அலுவலகத்தில் சிறப்புப் பறப்பு அனுமதி கேட்டு ஒருமுறை கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

ஆயில் கூலரைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு அலட்டல்? உங்கள் எஞ்சின் லைகாமிங் ஓ-320, 150 குதிரைச்சக்தி. மொத்த ஆயில் 8 குவார்ட், ஏறக்குறைய ஏழரை லிட்டர். ஓடும்போது ஆயில் அழுத்தம் 60 முதல் 90 பிஎஸ்ஐ, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. சூட்டுக்கு உச்ச வரம்பு 245 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 118. பழைய வகை ரப்பர் ஹோஸின் வரம்பும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டருக்குப் போகும் ஹோஸ் அறுந்தால் எஞ்சின் முனையில் இருக்கும் பொடித்துளை ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், இறங்க நேரம் கிடைக்கும். கூலர் ஹோஸில் அந்த மாதிரித் தடை ஒன்றும் கிடையாது. வெடித்தால் எஞ்சினின் ரத்தம் மொத்தமும் அந்த வழியாகவே போகும், அதுவும் பழுக்கச் சுட்டிருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பக்கத்தில். எஞ்சின் நிற்பது ஒன்று, தீ பிடிப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வரலாம்.

இப்போது மீதி நாலு ஹோஸ். உங்கள் செரோக்கியில் ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) முன்னால் பொதுவாக இருப்பவை: எரிபொருள் எஞ்சின் பம்புக்கு வரும் ஹோஸ், பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போவது, எரிபொருள் அழுத்த மீட்டருக்குப் போவது, ஆயில் அழுத்த மீட்டருக்குப் போவது. இவற்றுக்கு ஏடி வரம்பு இல்லாவிட்டாலும் வருடாந்தர சோதனை இருக்கிறது. அதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பராமரிப்பு விதிகளான பகுதி 43-இன் பின்னிணைப்பு டி பட்டியல் போடுகிறது. அதில் குழாய்கள், ஹோஸ்கள், கிளாம்புகள் ஒழுகுகிறதா, நிலை சரியில்லையா, தளர்ந்திருக்கிறதா என்று பார் என்று ஒரு வரி உண்டு. 'நிலை சரியில்லை' என்று முடிவு சொல்வது கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டர். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் குறைகளைப் பட்டியலிட்டு உங்கள் கையில் கொடுப்பார். அந்தக் குறைகளை நீங்கள் வேறு தகுதியுள்ள மெக்கானிக்கிடம் சரிசெய்துகொள்ளலாம், திரும்ப முழுச் சோதனை தேவையில்லை. ஆக, மெக்கானிக் மேல் கோபம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. ஆனால் கோபப்படும் முன் ஹோஸைப் பார்த்துவிடுங்கள்.

ஹோஸைப் பார்ப்பது என்றால் தகட்டைப் பார்ப்பது. ஒவ்வொரு ஹோஸிலும் உலோகப் பட்டை ஒன்று சுற்றியிருக்கும். டார்ச் அடித்து, பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை விட்டுப் படிக்க வேண்டியிருக்கும். அதில் பாகத்தின் எண், முனைகள் போட்டு ஹோஸைத் தயாரித்த தேதி, அழுத்தச் சோதனை செய்த தேதி இருக்கும். ரப்பர் ஹோஸானால் அதன் உடம்பிலேயே ஒரு கோடும் எழுத்தும் ஓடும். அங்கே ரப்பர் பதப்படுத்தப்பட்ட காலாண்டும் வருடமும் இருக்கும். 3-கியூ-09 என்றிருந்தால் 2009-இன் மூன்றாம் காலாண்டு. விமானத்தில் மாட்டிய நாளும் அந்த நாளும் ஒன்றல்ல. அலமாரியில் சில வருடம் தூங்கிவிட்டு வந்த ஹோஸ் நிறையவே உண்டு. நம் ஊர்க் கேஸ் அடுப்பின் ஆரஞ்சு டியூபில் தேதி அச்சடித்து, 5 வருடத்தில் மாற்றச் சொல்வார்களே, அதே கணக்குத்தான். அடுப்பு டியூபை வருடக்கணக்கில் மறந்துபோகிறவர்கள்தான் நாம், அது வேறு விஷயம்.

தகடே இல்லையா? எழுத்து அழிந்துவிட்டதா? அப்படியானால் வயது தெரியாத ஹோஸ். நான் அதைப் பழையது என்றே எடுத்துக்கொள்வேன்.

இங்கேதான் பக்கத்து விமானக்காரரின் 'ஒழுகாத வரைக்கும்' என்ற அளவுகோல் இடறுகிறது. ஹோஸின் வெளிப்புறம் உள்ளே நடப்பதைச் சொல்லாது. ரப்பர் ஹோஸ் மூன்று அடுக்கு: உள்ளே வழவழப்பான செயற்கை ரப்பர், நடுவே இழைப் பின்னலும் கம்பிப் பின்னலும், மேலே துணி உறை. எஞ்சினை அணைத்த பிறகு காற்று ஓட்டம் நின்று, கவுலிங்குக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் ரப்பர் அந்த அடுப்பில் வேகிறது. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் மெல்ல வெளியேறுகின்றன. எரிபொருள் ஓடிக்கொண்டே இருந்தால் உள்சுவர் ஓரளவு ஈரமாக இருந்து பிழைக்கும். மாசக்கணக்கில் நின்ற விமானத்தில் காய்ந்து, சுருங்கி, வெடிப்பு விடும். அதனால்தான் வாரம் பறக்கும் விமானத்தைவிட வருடத்துக்கு இருபது மணி நேரம் பறக்கும் விமானத்தின் ஹோஸ் என்னைப் பயமுறுத்தும். நீங்கள் வாங்கியது எந்த வகை என்று லாக்புக் சொல்லும்.

ஒரு முறை என் மேசைக்கு வந்த எரிபொருள் ஹோஸைச் சொல்கிறேன். வெளியே பார்த்தால் கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். ஒழுகல் துளியும் இல்லை. உரிமையாளர் சொன்ன குறை: சில நாள் மட்டும் ஏறும்போது எஞ்சின் தடுமாறுகிறது, தரையில் சரியாக ஓடுகிறது. கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பார்த்தாயிற்று, பம்பை மாற்றியாயிற்று. இவ்வளவும் செய்தவர் இன்னொரு மெக்கானிக். கடைசியில் ஹோஸை எடுத்து ஒரு முனையில் டார்ச் வைத்து மறு முனையில் கண்ணை வைத்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை மாதிரி தெரிந்தது. நீளவாக்கில் அறுத்தபோது உள்சுவர் ஓரிடத்தில் பின்னலைவிட்டுப் பிரிந்து, மாட்டின் நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. குறைவாகப் பாயும்போது படுத்திருக்கும், முழு வேகத்தில் எரிபொருள் பாயும்போது நிமிர்ந்து வழியை அடைக்கும். அதன் தகட்டுக் கணக்கில் வயது பத்தொன்பது. கையால் மெல்ல வளைத்தேன், முறுக்கு உடைவது போலச் சத்தம் வந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம்: பழைய ரப்பர் ஹோஸைச் சோதிக்கிறேன் என்று வளைத்துப் பார்க்க மாட்டேன். மாட்டிய இடத்தில் பத்து வருடம் அசையாமல் இருந்த ஹோஸை வளைத்தால், அதுவரை பிழைத்திருந்ததும் அப்போது வெடிக்கும். வளைத்துப் பார்க்கும் அளவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மாற்றிவிடுவதுதான் மரியாதை.

எதை வாங்குவது? பழைய செரோக்கியில் இருந்தது ஏரோகுவிப் 303 போன்ற ரப்பர் ஹோஸ், அல்லது ஸ்ட்ராட்டோஃப்ளெக்ஸின் 111. மலிவு, முனைகளைக் கழற்றித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் தீயைத் தாங்க வேண்டிய இடத்தில் மேலே தனியாகத் தீத்தடுப்பு உறை போட வேண்டும். ஆரஞ்சு நிறச் சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழை உறை, பார்த்திருப்பீர்கள். அந்த உறையின் இரு முனையையும் அடைப்புப் பசையில் முக்கி, எஃகுப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டி அப்படியே விட்டிருப்பதைப் பல விமானங்களில் பார்க்கிறேன். வெட்டிய முனை வழியாகக் கண்ணாடியிழை ஆயிலைக் குடித்து விளக்குத்திரி ஆகிவிடும். தீயைத் தடுக்கப் போட்டது தீயை வளர்க்கும்.

என் பரிந்துரை டெஃப்லான் உள்குழாய், துருப்பிடிக்காத எஃகுப் பின்னல், அதன் மேலேயே ஒட்டி வார்த்த சிலிக்கோன் உறை உள்ள ஹோஸ். ஸ்ட்ராட்டோஃப்ளெக்ஸ் 124ஜே அந்த வகை. டெஃப்லானுக்கு ரப்பர் மாதிரி வயது ஏறாது, பெட்ரோலும் ஆயிலும் அதை ஒன்றும் செய்யாது. டிஎஸ்ஓ-சி53ஏ தரத்தில் ஏ, பி என்பவை தீத்தாங்காதவை. சி சாதாரண வெப்பத்துக்கானது, தீத்தாங்கும். டி உயர்வெப்பத்துக்கானது, தீத்தாங்கும். தீத்தாங்கும் என்றால் 2,000 டிகிரி ஃபாரன்ஹீட் சுவாலையில், செல்சியஸில் சுமார் 1,090, ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது ஒரு வயலைத் தேடி இறங்கக் கிடைக்கும் நேரம். வாங்கும்போது தகட்டிலும் தாளிலும் 'டி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு எழுத்துதான் உங்கள் ஏடியை மூடும். விலை வித்தியாசம் ஹோஸுக்குச் சில பத்து டாலர். எட்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் இதே கணக்கைப் பார்க்கிற தொல்லையை நினைத்தால் அது காசே இல்லை.

டெஃப்லானுக்கும் ஒரு குணம் உண்டு. சூட்டில் எந்த வளைவில் இருந்ததோ அந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் கார்ப்பரேட்டரைக் கழற்ற ஹோஸை எடுத்தால், நேராக்காதீர்கள். நேராக்கினால் உள்குழாய் மடிந்துவிடும். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு கம்பி கட்டி, அதே வளைவில் மேசையில் வையுங்கள்.

கார்க் கடையில் ஹோஸ் வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். சட்டம் ஒரு காரணம்: விமானத்தில் போடும் பாகத்துக்கு ஒப்புதல் தாள் வேண்டும். இன்னொன்று, விமான ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரி, கார்களில் புழங்குவது பெரும்பாலும் 45. கையால் திருகினால் சேர்ந்த மாதிரியே தோன்றும், ஆனால் உட்காருவது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும். ஹோஸின் அளவும் பதினாறில் ஒரு அங்குலக் கணக்கு. 6 என்றால் எட்டில் மூன்று அங்குலக் குழாய்க்கானது, 8 என்றால் அரை அங்குலக் குழாய்க்கானது.

புதியதைச் செய்யக் கொடுக்கும்போது பழையதை மட்டும் அனுப்பி 'இதே மாதிரி' என்று சொல்லிவிடாதீர்கள். ஐம்பது வருட விமானம், நடுவில் யாரோ நீளம் மாற்றியிருக்கலாம். பைப்பரின் பாகப் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வளைந்த முனை இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணம் என்பதும் முக்கியம். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் நீளும் அல்லது குறுகும். அதற்காக ஐந்திலிருந்து எட்டு சதவீதம் வரை தளர்வு விட வேண்டும் என்று எஃப்ஏஏ-யின் ஏசி 43.13-1பி என்ற வேலை வழிகாட்டி சொல்கிறது. இழுத்துக் கட்டிய ஹோஸ் எஞ்சின் ஆடும்போது முனையைப் பிய்த்துக்கொள்ளும்.

இனி நீங்களே மாற்றலாமா என்ற கேள்வி. பகுதி 43-இன் பின்னிணைப்பு ஏ-யில், பைலட் தன் சொந்த விமானத்தில் செய்யலாம் என்று அனுமதித்த வேலைகளின் பட்டியல் இருக்கிறது. ஹைட்ராலிக் தவிர்த்த ஹோஸ் இணைப்புகளை மாற்றுவதும், முன்பே செய்து தயாராக வந்த எரிபொருள் குழாய்களை மாற்றுவதும் அதில் உண்டு. அதனால் எரிபொருள் ஹோஸை நீங்கள் மாற்றி நீங்களே லாக்புக்கில் கையெழுத்திடலாம். பிரேக் ஹோஸ் கூடாது, அது ஹைட்ராலிக். ஆயில் கூலர் ஹோஸ் ஏடிக்குள் வருவதால் அதை மெக்கானிக் கையெழுத்தோடு முடிப்பதுதான் சரி. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நான் எல்லாருக்கும் சொல்வது அதைத்தான்: மெக்கானிக்கின் மேற்பார்வையில் நீங்கள் வேலை செய்யுங்கள், அவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். சட்டம் இதற்கு இடம் தருகிறது. கூலி குறையும், உங்கள் எஞ்சினின் உள்ளறை உங்களுக்குத் தெரியும். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போ என்பார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேலையில் கவனிக்க வேண்டியது. புதிய ஹோஸை மாட்டும் முன் டார்ச் வைத்து உள்ளே பாருங்கள். மேலே சொன்ன பிறை வெளிச்சக் கதை பழைய ஹோஸுக்கு மட்டுமல்ல. புதிதாக முனை போடும்போதே உள்சுவர் சீவப்பட்டு நாக்கு உருவாகலாம். அப்புறம் காற்று ஊதி எடுங்கள். மாட்டும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று ஃபிட்டிங்கை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருக. ஒற்றை ஸ்பேனரால் இறுக்கினால் ஹோஸே சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஹோஸ் உடம்பில் நீளமாக ஒரு கோடு இருக்கும். இறுக்கிய பிறகும் அது நேராக ஓட வேண்டும், சுழல் படிக்கட்டு மாதிரி சுற்றக் கூடாது. கூம்பு முகத்தில் எந்தப் பசையும் பூசக் கூடாது, குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் நாடாவும் கூடாது. அந்த நாடாவின் துணுக்கு கார்ப்பரேட்டரின் ஜெட்டை அடைத்த கதை இந்தத் தொழிலில் பழசு. இறுக்க அளவுக்கு ஏசி 43.13-இல் அட்டவணை இருக்கிறது, டார்க் ரெஞ்ச் எடுங்கள். அலுமினியம் ஃபிட்டிங் பாவம், 'இன்னும் கொஞ்சம்' என்று நினைத்தால் விரிசல் விடும்.

கிளாம்பு விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில், கூலர் ஹோஸ் ஒன்றை அழகாக வளைத்து, எஞ்சின் மவுண்ட் குழாயோடு ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டி அனுப்பினேன். அடுத்த சோதனையில் திறந்து பார்த்தால், டை மவுண்ட் குழாயின் பெயின்ட்டைத் தின்று உலோகத்தில் ஒரு பள்ளமே போட்டிருந்தது. அதிர்வில் பிளாஸ்டிக் இரும்பை அறுக்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் அன்றுவரை நம்பவில்லை. ரப்பர் மெத்தை வைத்த ஏடெல் கிளாம்புதான் போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் ஹோஸும் கூலரும் காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள், மீட்டரில் ஆயில் அழுத்தம் எழும் வரை. பிறகு பிளக்கை மாட்டி ஓட்டும்போதும் முப்பது விநாடிக்குள் அழுத்தம் வராவிட்டால் அணைத்துவிட வேண்டும். எரிபொருள் பக்கம்: கார்ப்பரேட்டர் முனையைக் கழற்றி, மின்பம்பைப் போட்டு, அளவு குறித்த வாளியில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பம்பு ஊட்டும் அமைப்பில் டேக்-ஆஃபின்போது எஞ்சின் குடிப்பதைவிட நாலில் ஒரு பங்காவது கூடுதலாக வர வேண்டும். கையருகே தீயணைப்பான், வெளியே திறந்த இடம், விமானத்துக்கு எர்த் கம்பி. இதையெல்லாம் ஹாங்கருக்குள் செய்கிறவர்களைப் பார்த்தால் நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அப்புறம் கவுலிங் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டி, அணைத்து, ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை இல்லையென்றால் நட்டின் மேல் ஆரஞ்சு அடையாள மையைக் கோடு போடுங்கள். பிறகு நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும். முதல் பறப்பை ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்து முடியுங்கள், இறங்கியதும் கவுலிங்கைத் திரும்பக் கழற்றுங்கள். இருபத்தைந்து மணி நேரத்தில், ஆயில் மாற்றும்போது, இன்னொருமுறை பாருங்கள்.

லாக்புக் வரி சின்னதாக இருந்தாலும் முழுதாக இருக்க வேண்டும்: என்ன செய்தது, பாக எண், தேதி, செய்தவர் பெயர், கையெழுத்து, சான்றிதழ் எண்ணும் வகையும். ஏடி வரிக்கு அதன் எண்ணும், எந்தப் பத்தியின்படி எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதும், டி வகையென்றால் தொடர் வேலை முடிந்தது என்பதும், இல்லையென்றால் அடுத்தது எந்தத் தேதி, எத்தனை மணி நேரப் பறப்பில் என்பதும் வேண்டும். ஒப்புதல் தாளையும் ஹோஸ் கடைச் சீட்டையும் பின் அடித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து விமானத்தை விற்கும்போது இந்த ஒரு வரிக்காக வாங்குகிறவர் உங்களைக் கட்டிப்பிடிப்பார். இப்போது நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் வரியை முந்தைய உரிமையாளர் எழுதியிருந்தால் நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

கவுலிங்கைத் திறந்திருக்கும்போது இன்னும் இரண்டு. கார்ப்பரேட்டரைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டுக்கும் கேபின் ஹீட்டருக்கும் போகும் மடிப்புக் குழாய்கள், சிவப்பு நிறத்தில் கம்பிச்சுருளோடு இருக்குமே, ஸ்கேட் என்போம், அவையும் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். விலை அற்பம், ஆனால் ஹீட்டர் உறையில் எக்ஸாஸ்ட் கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உங்கள் மடிக்கே வரும். கார்ப்பரேட்டருக்குக் காற்று போகும் வழியில் கம்பி வெளியே தெரியும் ஒற்றையடுக்குக் குழாய் இருந்தால், உள்ளேயும் ஓர் அடுக்கு உள்ள ஸ்கீட் குழாய்க்கு மாறுங்கள். கழன்ற கம்பியை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது, சக்கரத்துப் பக்கம் பிரேக் ஹோஸ். அதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அது வெடித்தால் யாரும் வானிலிருந்து விழப்போவதில்லை, ஆனால் ஓடுபாதையின் முனையில் வேலி நெருங்கும்போது மிதி தரை தட்டும்.

ஆயிரத்துச் சொச்சம் டாலர் என்பது ஆறு டெஃப்லான் ஹோஸுக்கும் கூலிக்கும் சேர்த்தென்றால் நியாயமான கணக்குத்தான். ரப்பருக்கு என்றால் கொஞ்சம் கூடுதல், கேளுங்கள். பணம் இறுகலாக இருந்து பிரித்துச் செய்ய வேண்டுமென்றால் இந்த வரிசையில்: ஆயில் கூலர் இரண்டும் முதலில், தேதி தாண்டியிருந்தால் அதில் பேரமே இல்லை. அடுத்தது எரிபொருள் பம்பின் இரண்டு பக்கமும். மீட்டர் ஹோஸ்கள் இரண்டும் கடைசி, அவற்றின் தகட்டு வயது பத்துக்குள் இருந்தால் அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம்.

நாளைக் காலை ஹாங்கருக்குப் போய் அந்தக் கூலர் ஹோஸ் இரண்டின் தகட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏடி பட்டியலின் வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தேதியும் ஒத்துப்போகாவிட்டால், மெக்கானிக்கிடம் பேசும்போது அந்தப் படத்திலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள்.